சுறா எண்ணெய் பூசிய ரப்பர் தோணி

யுத்தகாலம். துறைமுகத்தில் குண்டு விழுந்த பிறகு என் மனைவியும் அவளுடைய தங்கையும் கட்டைபறிச்சானில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்கும் தங்கையின் புருஷனான என் சகலனுக்கும் துறைமுகக் களஞ்சியத்தில் வேலை. பாலையூற்றில் ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஞாயிறுதோறும் போய் வருவோம். என் நாலு வயது மகள் எங்களைக் கண்டதும் “சித்தப்பா” என்று கத்திக்கொண்டு அவனிடம்தான் ஓடுவாள். பெற்றவன் நான் பக்கத்தில் நிற்பேன். வயிறு எரியும், இதில் மறைக்க ஒன்றுமில்லை.

மூதூர் வரை மோட்டார் லோஞ்சு இருந்தது. அதற்கப்பால் களப்பு என்கிற உப்பங்கழியைக் கடக்கத் தோணிக்காரருக்காகக் காத்துக் கிடந்தே அரை நாள் போய்விடும். அந்த நேரத்தில்தான் களஞ்சியத்துத் துரை, கழித்துப்போட்ட இரண்டு சின்னத் தோணிகளை எங்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்று, மரச்சட்டத்தில் கன்வஸ் போர்த்திய மடக்குத் தோணி. மற்றது காற்றடிக்கும் ரப்பர் தோணி. சுருட்டினால் பாய் அளவுதான்.

எனக்குப் பிடித்தது கன்வஸ். ஆனால் சகலன் ரப்பரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணை, நீங்கள் முதல் எடுங்கோ. பிள்ளைக்காரன் நீங்கள்.”

“எனக்கு ரப்பர்தான் வேணும்” என்றேன்.

“ஓம், எடுங்கோ” என்று முகம்கூடச் சுளிக்காமல் கன்வஸைத் தோளில் போட்டுக்கொண்டான். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

அவனுடையதைவிட என்னுடையது மினுங்க வேண்டுமென்று, எங்கள் கரையில் மர வள்ளத்துக்குப் பூசுவதுபோலச் சுறா எண்ணெயை இரண்டு தரம் தடவி, சுருட்டி வெயிலில் வைத்தேன். இரண்டு கிழமை அப்படியே காயவிட்டு, களப்புக் கரையில் விரித்தால், ரப்பர் கிண்டின தொதல் இனிப்பு மாதிரிக் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. காற்றடிக்கப் பொருத்து வாய் பிளந்தது.

“ரப்பருக்கு எண்ணெய் பூசினனீங்களோ?” என்று கேட்டான்.

“பூசினனான். வள்ளத்துக்குப் பூசுறேல்லையோ?”

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒரு சண்டையாவது பிடித்திருப்பேன். ரப்பரைக் கரையில் போட்டுவிட்டு அவனுடைய தோணியில் ஏறி உட்கார்ந்தேன்.

அக்கரையில் மகள் நின்றாள்.

“அண்ணை, நீங்கள் முதல் இறங்குங்கோ. நான் இதை மடிச்சுப்போட்டு ஆறுதலாப் பிந்தி வாறன்.”

சொல்லிவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்துவிட்டான். “சித்தப்பா” என்று ஓடிவந்த மகள், அவன் திரும்பாததைக் கண்டு ஒரு கணம் நின்றாள்; பிறகு என்னிடம் வந்தாள். தூக்கிக்கொண்டேன். அவனுக்குக் கலியாணம் முடிந்து ஏழு வருஷம், பிள்ளை இல்லை. அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது. மடித்த சட்டத்தையே விரித்து மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தான்.

மகள் என் தோளுக்கு மேலால் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் விளங்கியும், அவளை இறக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.