கிளட்சா, காலா?

டாக்சி நிறுத்தத்தில் அந்த டிரைவருக்கு வெண்ணெய்க்கால் என்று பேர். கியர் மாறுவது பின் சீட்டில் இருப்பவருக்குத் தெரியவே கூடாது என்பது அவர் கொள்கை. ஏறும்போது தூங்கியவர் இறங்கும்வரை தூங்க வேண்டும். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் ஏறிவிட்டால் போச்சு, ஒரு சின்னக் குலுக்கலுக்கும் "ச்ச்" என்று நாக்கைத் தட்டி ஓட்டுகிறவர் உயிரை எடுத்துவிடுவார். அத்தனை கர்வம் அந்த மனிதருக்கு, அதுவும் கிளட்சை மிதிக்கும் அந்த இடது காலை நம்பி!

அந்தக் காலைப் பற்றித்தான் மூன்று மாதமாக வீட்டில் சண்டை. கிளட்ச் கனக்கிறது என்றார் டிரைவர். கிளட்ச் நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் முட்டிதான் போய்விட்டது என்றாள் மனைவி. அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி வருகிற எத்தனை பேரைப் பார்த்திருப்பாள்! வீட்டுக்குள்ளேயே ஒருத்தர் அப்படி நடந்தால் தெரியாதா?

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றாள் ஒரு நாள்.

"யாருக்குடி ஓட்டத் தெரியாது?" என்று குதித்தார். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

போன வாரம் அது விளையாட்டாக இல்லாமல் போனது. மனைவியை வேலைக்குக் கொண்டுபோய் விடும்போது, சிக்னலில் கிளட்சை மிதித்திருந்த கால் சட்டென்று நழுவிவிட்டது. வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது. முன்னால் ஒருத்தி குழந்தையைக் கையில் பிடித்தபடி சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். நடுவே ஒரு முழம்கூட இல்லை. அந்தப் பெண் திட்டவில்லை. குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இவரையே பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கத்தவில்லை. "புதுக் கிளட்ச் போடுங்க. போட்ட பிறகும் கனத்தா டாக்டர்கிட்ட வரணும். அவர் ஓட்டாதேன்னா ஓட்டக் கூடாது. சம்மதமா?" என்றாள்.

"சம்மதம்," என்றார். அவருக்குத் தான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். ஆனால் அன்று ராத்திரி பயந்தார். ஓட்டாதே என்று ஒருவர் சொல்லிவிட்டால், காலையில் எழுந்து என்ன செய்வது என்றே அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பக்கவாட்டில், தகரக் கூரைக்கடியில், வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார். ஒத்தாசைக்கு மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, லோடு வண்டி ஓட்டுபவன், தலை நரைத்தும் வாய் அடங்காதவன். கழற்றிய போல்ட்டுகளைச் சமையலறைக் கிண்ணங்களில் போட்டு வைத்தார்கள்.

"என் கிண்ணம்தான் கிடைச்சுதா உங்களுக்கு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கழுவித் தர்றோம்க்கா," என்றான் தம்பி.

"நீ கழுவுவே? உன் மூஞ்சியையே கழுவாதவன்!"

கியர்பாக்சை இறக்கி, பழைய கிளட்ச் பிளேட்டை எடுத்ததும் மச்சினன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது இன்னும் ஒரு வருஷம் ஓடுமே அத்தான்," என்றான்.

டிரைவர் அதைப் பிடுங்கி மூலையில் போட்டார். "பார்த்தா தெரியாது. மிதிச்சாத்தான் தெரியும்," என்றார்.

புதுப் பிளேட்டை மச்சினன் பின்புறம் முன்புறமாகப் பிடித்தான். "திருப்புடா! இப்படிப் போட்டா மறுபடி எல்லாத்தையும் கழட்டணும்," என்று கத்தினார். பிளேட் நடுவில் உட்கார்வதற்காக ஒரு மரக்குச்சியைச் சீவி, டேப் சுற்றி வைத்திருந்தார். அதைத் துளையில் செருகி, மேலே அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். ஒன்றை ஒரேயடியாக முறுக்கினால் பிளேட் கோணிக்கொள்ளும். குச்சி சிக்காமல் வெளியே வந்ததும் முகம் மலர்ந்தது.

கியர்பாக்சை ஏற்றுவதுதான் பெரும்பாடு. ஜாக்கி பாதி பாரம், மச்சினன் மீதி. "சீக்கிரம் அத்தான், என் இடுப்புக்கு வேற கியர்பாக்ஸ் கிடைக்காது!" என்று முனகினான் அவன். கியர்பாக்சின் தண்டு பிளேட்டின் பற்களுக்குள் நுழைய மறுத்தது. இடித்தால் பிளேட் கெட்டுவிடும். டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு, தண்டை விரலால் இம்மி இம்மியாகத் திருப்பினார். களக்கென்று உள்ளே போய் உட்கார்ந்தது.

"கைன்னா இது கை!" என்றான் மச்சினன், உண்மையாகவே.

மிச்சத்தையும் பூட்டி, கேபிளை மாட்டி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்தார்.

கனத்தது. முட்டியில் ஆரம்பித்த வலி தொடைவரை ஏறியது.

"எங்கேயோ பிடிக்குதுடா. நீ மிதி."

மச்சினன் மிதித்தான். "பஞ்சு மாதிரி இருக்கே!"

"உனக்கு லோடு வண்டி மிதிச்ச காலு. எல்லாம் பஞ்சுதான்," என்று சொல்லி மனைவியைக் கூப்பிட்டார். "நீ உட்காரு. ஓட்டிப் பழகாத காலுக்குத்தான் உண்மை தெரியும்." முட்டியைத் தேய்த்தபடி நின்ற அவர் முகத்தை அவள் ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.

அவர் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். மிதிக்க மிதிக்க நகரும் கிளட்ச் லீவர் கண்ணுக்கு நேரே இருந்தது. எங்கே பிடிக்கிறது என்று பார்த்துவிடலாம்.

"மிதி," என்றார்.

லீவர் நகர்ந்தது. எங்கேயும் தயங்கவில்லை, உரசவில்லை. ஒரே சீராகக் கடைசிவரை போய் நின்று, அதே சீராகத் திரும்பி வந்தது.

"எப்படி இருக்கு?"

"கனமாத்தாங்க இருக்கு."

"இன்னொரு தடவை மிதி."

லீவர் மறுபடியும் வழுக்கிக்கொண்டு போய் வந்தது.

"அப்பா! கல்லு மாதிரி இருக்கு. நீங்க சொன்னதுதான் சரி. கிளட்சுலதான் என்னவோ கோளாறு," என்றாள்.

மூன்று மாதமாக இந்தச் சொல்லுக்காகத்தான் அவளோடு மல்லுக்கு நின்றார். சண்டையில் ஜெயித்தாயிற்று. வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஒப்புக்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாதவள், முதல் தடவையாகச் சொல்கிறாள். அவருக்கு அழுகை வந்தது. துடைக்கலாம் என்றால் கையெல்லாம் கிரீஸ்.

வெளியே வரும்போது மச்சினன் கை கொடுத்தான். வழக்கமாக உதறிவிடுகிறவர், அன்று பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வேற கிளட்ச் வாங்கிப் போட்டுப் பார்க்கலாமாங்க?" என்றாள் மனைவி, சீட்டிலிருந்து இறங்காமலே.

"வேண்டாம். இது நல்லா இருக்கு." வண்டிச் சாவியை எடுத்து மச்சினன் கையில் வைத்தார். "நாளைக்குக் காலையில வந்துடுடா. டாக்டர்கிட்ட போகணும். நீதான் ஓட்டணும்."

மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நான் கனமா இருக்குன்னுதானே சொன்னேன்?"

"கேட்டேன்டி," என்றார் அவர். "கீழே இருந்து பார்த்துக்கிட்டும் இருந்தேன்."