நிலைமேல் மாட்டிய ரீடர்

ஜவ்வாது மலையில் சாமை மூட்டைகள் அடுக்கும் குடோனுக்கு ஆர்எஃப்ஐடி ரீடர் தேர்ந்தெடுக்க இரண்டு விற்பனையாளர்களை அழைத்திருந்தார்கள். ஒருவன் நான். இன்னொருவர் குட்டையான மனிதர். வெற்றிலைச் சிவப்பு உதடு, பேசுமுன்பே சிரித்துவிடும் பழக்கம்.

மூட்டையில் ஒட்டிய டேக்கைப் படித்து, வாசலைத் தாண்டுவதை ரீடர் கணக்கெடுக்க வேண்டும். என்னுடையது உயர்ந்த ரகம். எவ்வளவு தூரம் படிக்கும் என்று காட்ட முழு வீச்சில் வைத்தேன். உள்ளே அடுக்கிக் கிடந்த மூட்டைகளையும் அது கணக்கில் வெளியே அனுப்பிவிட்டது!

அவர் தன் சின்ன ரீடரை வாசல் நிலைக்கு மேலே மாட்டினார். துண்டைச் சும்மாடாகச் சுற்றி, ஒரு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார். ஒரே ஒரு 'பீப்'. அங்கே மூட்டை சுமக்கும் பெண்கள் கைதட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

மலை இறங்கும் பஸ்ஸில் அவர் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து, முதலில் சிரித்தார்.

"இன்னா சார், மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு வர்றீங்க? போளூர்ல ஒரு குடோன் கீது, லாரியே உள்ள போவும். அந்த அகலத்துக்கு என்னுது எட்டாது. உங்க மெஷின வாங்கச் சொல்லிட்டேன்."

அந்த ஆர்டர் எனக்கே வந்தது. நானே பிடித்ததாகத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் போளூரில் என் ரீடர் 'பீப்' என்னும்போதெல்லாம், அதற்கு ஒரு நொடி முன்னால் அவர் சிரிப்பது கேட்கிறது.