கதைச் சித்தியும் வெள்ளிக்கிழமை எண்ணெயும்

கரமனை அக்ரஹாரத்தில் அந்த வீட்டுக்கு நான் இரண்டாம் தாரமாக வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது, மூத்தாளின் பெண்ணுக்கு எட்டு. ஊரெல்லாம் சுதந்திரப் பேச்சாக இருந்தது. எனக்கு அந்தப் பெண்ணைப் பற்றித்தான் கவலை.

தாயில்லாக் குழந்தை ஏங்கிப் போகக் கூடாதே என்று என் கணவர் நூலகத்திலிருந்து இங்கிலீஷ் கதைப் புத்தகங்கள் கொண்டுவருவார். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் அவளுக்குத் தமிழில் சொல்வார். நல்ல எண்ணம்தான். ஆனால் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும் என் காதிலும் விழுமே! எந்தக் கதையை எடுத்தாலும் ஒரு சித்தி. அவள் குழந்தையைக் காட்டில் விடுவாள், இல்லையென்றால் விஷம் வைப்பாள். கட்டின பெண்டாட்டி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பே மனுஷருக்குக் கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தோடு மணை போட்டு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் தூணோடு ஒட்டிக்கொண்டாள்.

"மாட்டேன். நீ விஷம் கலந்திருப்பே."

எனக்கு வந்த கோபத்தில் கிண்ணத்தை வீசியிருப்பேன். கொஞ்ச நாளில் அவள் தலை சடை பிடித்துவிட்டது. எதிர்வீட்டு மாமி என் காதில் விழவேண்டுமென்றே சொன்னாள்: "பெத்தவ இருந்தா கொழந்தை தலையை இப்படி விடுவாளோ?"

தொட விட்டால்தானே! அன்று அழுதுவிட்டேன். அந்தக் குழந்தை என்னை நம்பாதவரை அந்த வீட்டில் நான் யாருமில்லை.

அடுத்த வெள்ளி, ஒரு கை எண்ணெய் எடுத்து என் உச்சியில் நானே அறைந்துகொண்டேன். "பாருடி. செத்தா நான்தான் மொதல்ல சாவேன்."

வெகுநேரம் பார்த்தாள். சாகவில்லை என்று நிச்சயமானதும் வந்து மணையில் உட்கார்ந்தாள். அதுவே வழக்கமாகிவிட்டது: முதலில் எனக்கு, பிறகு அவளுக்கு. தாவணி போட்ட பிறகும், "மொதல்ல நீ" என்பாள். விளையாட்டாகத்தான். எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று இருக்கும்.

காலேஜில் சேர்ந்த வருஷம் ஒரு தடிப் புத்தகத்தோடு ஓடிவந்தாள்.

"சித்தி, இதைக் கேளேன்! அப்பா சொல்வாரே, அந்தக் கதையெல்லாம் ஆதியில ஜனங்கள் சொன்னப்போ கொழந்தையைக் காட்டுல விட்டது பெத்த அம்மாவாம். அச்சுப்போட்டவாதான், அம்மா பேர் கெடக்கூடாதுன்னு சித்தியா மாத்திட்டாளாம்."

அடப்பாவிகளா! சீமையில் யாரோ பேனா பிடித்தவர் செய்த வேலைக்கு, கரமனையில் நான் இத்தனை வருஷம் தலையில் எண்ணெய் வழிய நின்றிருக்கிறேன். அச்சில் ஏறிய பொய்க்குத்தான் எத்தனை ஆயுசு! வாய்விட்டுத் திட்டப் போனேன். ஆனால் சொல்லி முடித்ததும் அவள் முகம் வாடிவிட்டது. கண் சுவரில் மாட்டியிருந்த அவள் அம்மா படத்துக்குப் போயிற்று.

"அந்தப் பழி என் தலையிலேயே இருக்கட்டும்டி," என்றேன். "நேக்குப் பழகிப்போச்சு. ஒங்கம்மாவை அதுல இழுக்காதே."

அவள் புத்தகத்தை மூடினாள்.

மறுநாள் வெள்ளி. பழக்க தோஷத்தில் எண்ணெய்க் கை என் உச்சிக்குப் போனது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே மொதல்ல நேக்கு," என்றாள்.