தடாகத்தில் தங்காத குளோரின்

முந்தநாள் போட்ட குளோரின் இன்று காலை சோதித்தபோது மறுபடியும் இல்லை.

வேலணையில் ஒரு வீட்டு நீச்சல் தடாகத்தை நான் பராமரிக்கிறேன். கனடாவிலிருந்து ஊர் திரும்பிய ஒரு அண்ணை ஆசையாய்க் கட்டியது. விடிந்தால் அதற்குள்தான் கிடப்பார். தை மாதம் காலமாகிவிட்டார். இப்போது வீட்டில் அவர் மனைவி மட்டும்தான்.

வெயிலைக் குற்றம் சொன்னேன், கிணற்றுத் தண்ணீரைக் குற்றம் சொன்னேன், வடிகட்டியைக் கழற்றிக் கழுவிப் பூட்டினேன். ஒன்றும் சரிவரவில்லை.

இன்று மதியம்வரை நின்று பார்த்தேன்.

அக்கா வாழையிலையில் சோறும் கறியும் கொண்டுவந்து தடாகத்தின் விளிம்பில் வைத்தார். காகங்கள் இறங்கின. சோற்றைத் தண்ணீரில் நனைத்துத் தின்றன. பிறகு படியில் நின்று சிறகடித்துக் குளித்தன. எச்சமும் அதற்குள்ளேதான்.

"அக்கா, சோத்தை மதிலிலை வையுங்கோவன். உதாலைதான் குளோரின் முடியுது."

"முதல் மதிலிலைதான் வைச்சனான் தம்பி. ஒண்டும் வரேல்லை. இஞ்சை வைச்ச உடனை வந்தவர்."

பிறகு மெதுவாகக் கேட்டார்:

"நீர் போடுற மருந்து அவருக்குக் கண் எரியாதோ?"

பின்னேரம் கனடாவிலிருந்து அவர்களின் மகன் தொலைபேசி எடுத்தார். "என்ன பிழையெண்டு கண்டுபிடிச்சிட்டீங்களோ அண்ணை?"

"வெயில்தான் தம்பி. இந்தமுறை சரியான வெயில்."

காகம் குளிக்கும் தடாகத்துக்கு எவ்வளவு குளோரின் போடலாம் என்று தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.

கண் எரியக் கூடாது.