குரலுக்காகப் பயந்த பாடகி

எழுபதுகளில் வேலூரில் நான் நர்சாக இருந்த வார்டுக்கு, கழுத்துக் கட்டியோடு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு ஜாஸ் பாடகி வந்தார். உயரமானவர்; உட்காரவே மாட்டார். நடந்துகொண்டே கட்டில் கம்பிகளில் தாளம் தட்டுவார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், தம் ஊர்த் தாளத்தில் ஒரு ப்ளூஸ் பாட்டைப் பாடினார். பக்கத்துக் கட்டிலில் இருந்த மேல்விஷாரத்து அம்மா எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னா சிஸ்டர், பாட்டுல சோகம் ஜாஸ்தி, ஆனா காலு சும்மா இருக்க மாட்டேங்குதே!"

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். பாடகி சிரித்தார், உடனே முகம் மாறியது.

"நாளைக்குக் குரல் போய்விட்டால் நான் யார், சிஸ்டர்?"



ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கொஞ்ச நாள் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், குரல் என்னவாயிற்று என்று தெரியாமலே ஊருக்குக் கிளம்பினார். வாசலில் என் கையை எடுத்துத் தம் தொண்டைமேல் வைத்தார். வாய் மூடியிருந்தது, உள்ளே ஏதோ அதிர்ந்தது. பாடினாரா, அழுதாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.