துரை போர்த்திய சால்வை

பிரிக்பீல்ட்ஸ் ரயில் குடியிருப்பில் நாங்கள் போட்ட அந்த நாடகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. கொடுங்கோல் ராஜா ஒருவன். தன்னைப் புகழ்ந்து பாடாத புலவர்களையெல்லாம் சிறையில் தள்ளுகிறான். மற்றவர்கள் பயந்து பாடிவிடுகிறார்கள், ஒரே ஒருவன் மாட்டேன் என்கிறான். அந்தப் புலவன் வேஷம் எனக்கு! ராஜா, ரயில் இன்ஜினுக்குக் கரி அள்ளிப்போடும் என் சிநேகிதன். தொண்டையைத் திறந்தானென்றால் இருபது மைல் தள்ளிக் கிள்ளான் ஊருக்குக் கேட்கும்.

ஒரு மாதமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. குளிக்கும்போதும் வசனம், ஆபீசில் காகிதம் அடுக்கும்போதும் வசனம். "கழுத்தைக் கேள், தருகிறேன், பாட்டைக் கேட்காதே!"

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. திரை தூக்குமுன், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ரயில் ஆபீஸ் துரையைப் புகழ்ந்து ஒரு பாட்டுப் பாடவேண்டும். பாடியவனுக்குத் துரை சால்வை போர்த்துவார். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போய் அதை வாங்கி வருவது நாங்கள். போர்த்துவது மட்டும் அவர்! அந்த வருஷம் பாட்டை எழுதிப் பாடியதும் நான்தான். அப்போது நான் அவர் ஆபீசில் தற்காலிகக் கிராணி, குமாஸ்தா உத்தியோகம். என்னை நிரந்தரமாக்கும் காகிதம் அவர் மேஜையில் கிடந்தது. தண்டவாளத்தில் வேலைபார்த்த நாலு பேர் கூலி உயர்வு கேட்டார்கள் என்று, போன மாதம்தான் அவர்களைக் குடும்பத்தோடு வீட்டைவிட்டு விரட்டியிருந்தார் அந்த மனுஷர். தெரிந்துதான் "ஏழைகளின் தந்தையே" என்று ராகம் இழுத்தேன். வெட்கங்கெட்டவன்.

சிவப்புச் சால்வை, சரிகைக் கரை. கண்ணாடியில் பார்த்தேன், கழற்ற மனசு வரவில்லை. புலவனுக்குப் பொருத்தமாகத்தானே இருக்கிறது என்று அதோடேயே மேடை ஏறினேன்.

"பாடு!" என்று ராஜா உறுமினான். நான் நெஞ்சை நிமிர்த்தி வசனத்தை வீசினேன். கூட்டம் எழுந்து கைதட்டியது! துரை விரட்டிய அந்த நாலு பேரில் ஒருவர் இப்போது கச்சாங், வறுத்த கடலை, விற்றுக்கொண்டிருந்தார். கூடையோடு நின்ற அவர் கத்தினார்: "அது சரி அண்ணே, மேல போட்டிருக்கியே, அது யாரு குடுத்த சால்வை லா?"

கொட்டகையே சிரித்தது. ராஜாவும் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கு வந்ததே ஒரு கோபம், அந்த ஆளை அடிக்கலாம் போலிருந்தது. அவர் கேட்டதில் என்ன தப்பு என்று அடுத்த நிமிஷமே உறைத்தது. சால்வையை உருவி ராஜா காலடியில் எறிந்தேன். வசனத்தில் இல்லாததைப் பேசினேன்.

"சற்றுமுன் பாடினேன் ராஜா, பிழைதான். இனிமேல் பாடமாட்டேன்!"

அப்பப்பா, அந்தச் சத்தம்! தகரக் கூரை பிய்த்துக்கொண்டு போகும் என்றே நினைத்தேன். துரை பக்கத்திலிருந்த பெரிய கிராணியிடம் என்னவென்று விசாரித்தார். அவர் வெளிறிப்போய், கதையில் வருவதுதான் என்று இங்கிலீஷில் சொல்லிச் சமாளித்தார். துரையும் கைதட்டினார்.

திரை விழுந்ததும் என்னைத் தோளில் தூக்கினார்கள். இறங்கியவுடன் நான் செய்த முதல் காரியம், குனிந்து சால்வையைத் தேடியதுதான். நாளைக்குத் துரை கேட்டால்? ராஜா அதை மடித்து வைத்திருந்தான்.

"இந்தா, வேணும்ல?"

"வேணும்டா," என்று வாங்கிக்கொண்டேன்.

எனக்குக் கைகொடுக்க மேடை ஓரம் வந்து நின்றிருந்தார் கச்சாங்காரர். என் கையில் இருந்ததைப் பார்த்தார். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரமே வேலை நிரந்தரமானது. அவரிடம் கச்சாங் வாங்க மட்டும் எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.