இருட்டில் தெரியும் பூக்கள்

சீருடை தைக்கும் கம்பெனியிலிருந்து அவள் வீடு திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பகலில் பார்க்கக் கொடுத்துவைக்காத செடிகளை இருட்டிலாவது பார்ப்போமே என்று, மொட்டைமாடித் தொட்டிகளுக்கு நந்தியாவட்டையும் வெள்ளை நித்தியகல்யாணியும் தேடித்தேடி வாங்கினாள். "சிவப்பு ரோஜா இருட்டுல கறுப்பாத்தான் தெரியும், வெள்ளைதான் பளிச்சுனு நிக்கும்" என்று நர்சரிக்காரருக்கே பாடம் நடத்தினாள்.

பூக்கள் விரிந்ததும் ஒருநாள் கணவரை மாடிக்கு இழுத்துப் போனாள். வெளியூர் பஸ் டிரைவரான அவருக்கு அன்று ஓய்வு. நிலா நன்றாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"எப்படி இருக்குங்க?"

"எது?"

"விளையாடாதீங்க. உங்க முன்னாடிதானே இருக்கு!"

அவர் குனிந்து துழாவினார். கை பூக்களைத் தாண்டிப் போய்ச் சுவரில் இடித்தது. அவள் அவர் கையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"இதுவே தெரியலைன்னா, ராத்திரி வண்டி எப்படி ஓட்டுறீங்க?"

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஆறு மாசமா முன்னாடி போற வண்டியோட சிவப்பு லைட்டைப் பாத்துதான் ஓட்டுறேன். வெளிய சொன்னா வேலை போயிடும்."

"பின்னாடி நாப்பது பேர் தூங்கிட்டு வராங்களேங்க!"

போன மாதம் மகளை மடியில் போட்டுக்கொண்டு அவளும் அந்த பஸ்ஸில்தான் தூங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை லீவு போட்டு அவரை டிப்போவுக்கு அழைத்துப் போனாள். டிப்போ அதிகாரிகள் அனுப்பிவைத்த கண் டாக்டர் பரிசோதித்துவிட்டு, இரவில் இனி அவர் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்றார். டிப்போவில் பகல்நேர டிக்கெட் கவுண்ட்டர் வேலை கொடுத்தார்கள். பத்து நாள் அவர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேசினார்.

இன்றும் இரவில் பஸ் ஹாரன் கேட்டால் அவளுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.